மஹாலுக்குத் தார் போடுங்க மச்சான்... என் வாசலுக்கு வேண்டாம்!

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசி முகூர்த்தம். திண்டுக்கல்லுக்கு வெளியே என் அக்கா வீட்டுக்காரர் நடத்தும் சின்ன மஹாலில் கல்யாணம். முதல் நாள் ராத்திரி நல்ல மழை. விடிகாலையில் பெண்ணின் தாய்மாமன் குடும்பத்தோடு வந்த வேன், கேட்டைத் தாண்டி இருபதடி வந்ததும் செம்மண்ணில் இறங்கிவிட்டது. டிரைவர் மிதிக்க மிதிக்கச் சக்கரம் அதே இடத்தில் சுற்றியது. பின்னால் நின்று தள்ளியவர்களின் பட்டு வேட்டியெல்லாம் சேறு. தாய்மாமன் மேடைக்கு வராமல் சடங்கு நகராது. சீர்த்தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் குடும்பம் நடந்து வந்ததை இன்றைக்கும் எங்கள் வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள். அக்கா மட்டும் சிரிக்க மாட்டாள். அந்த வீடியோ செல்போனில் சுற்றி, அடுத்த மாதத்தில் இரண்டு வீட்டார் வந்து அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள்.

மச்சானிடமிருந்து போன் வந்தது. “மாப்ள, பேசாம மொத்த இடத்துக்கும் தார் போட்டுரலாம்னு இருக்கேன். அப்படியே ஒரு வண்டி உன் வீட்டு வாசலுக்கும் தட்டிவிடச் சொல்லவா?”

“மஹாலுக்குப் போடுங்க மச்சான். என் வாசலுக்கு வேண்டாம்.”

“அதென்னய்யா, எனக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயம்?”

நியாயம் இரண்டுதான். அது எனக்குப் பட்டுத் தெரிந்தது.

பல வருஷங்களுக்கு முன்னால் எங்கள் தெருவில் ரோடு போட்டார்கள். சாயங்காலம் வேலை முடிகிற நேரத்தில் ஒருவர் வந்து கேட்டைத் தட்டினார். “அண்ணே, கொஞ்சம் கலவை மிச்சம் இருக்கு. உங்க வாசலுக்குப் போட்டுரவா? டீச்செலவுக்குப் பாத்துக் குடுங்க.” ஊர்க் காசில் வந்த கலவை அது என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. கேட்டிலிருந்து போர்டிகோ வரை சுமார் 300 சதுர அடி. மண்ணைக் கூட்டிவிட்டு அப்படியே கொட்டி, மண்வெட்டியால் பரப்பி, ரோலரை ஒருமுறை முன்னும் பின்னும் ஓட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் காலையில் அம்மா கோலம் போட்டார். கன்னங்கரேல் என்ற தரையில் வெள்ளைக் கோலம். தெருவே நின்று பார்த்தது.

சித்திரை வந்தது. மத்தியானம் ஸ்கூட்டரை சைடு ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தடாலென்று சத்தம். ஸ்டாண்டு தாருக்குள் கத்தி மாதிரி இறங்கி, வண்டி துளசி மாடத்தின் மேல் சாய்ந்து கிடந்தது. மாடத்தின் ஒரு பக்கம் போச்சு. வெறும் காலோடு ஓடி வந்த அம்மா, தரையில் கால் வைத்ததும் துள்ளிக் குதித்து மறுபடி படியேறியது இன்னொரு கதை. அந்த மழைக்காலத்தில் ஓரமெல்லாம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. நடுவில் கோரைப்புல் முளைத்தது. இரண்டாவது வருஷம் கடப்பாரை வைத்துப் பெயர்த்து எடுத்தோம்.

அன்றைக்கு நடந்தது என்ன என்று பிறகுதான் தேடிப் படித்தேன்.

நாம் தார் என்று சொல்வது உண்மையில் தார் இல்லை. தார் நிலக்கரியிலிருந்து வருவது. இப்போது ரோட்டுக்குப் போடுவது பிட்டுமின். கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல் எல்லாம் பிரித்த பிறகு அடியில் தங்கும் கெட்டிப் பசை. சென்னை மணலி சுத்திகரிப்பு ஆலையிலிருந்தும் வருகிறது. நூறு கிலோ கலவையில் இந்தப் பசை ஐந்து கிலோ அளவுதான். மீதியெல்லாம் ஜல்லியும் பொடியும். ஆக, பாரம் தாங்குவது பசை அல்ல, ஒன்றோடொன்று இறுகிப் பூட்டிக்கொண்ட ஜல்லி. ரோலர் அந்தப் பூட்டைப் போட வேண்டும். எங்கள் வாசலில் பூட்டு விழவே இல்லை.

பிட்டுமினில் ரகம் உண்டு. வி.ஜி. 10, 20, 30, 40 என்று எண் ஏற ஏறக் கெட்டி அதிகம். கோடையில் காற்றின் வெப்பம் 38லிருந்து 45 டிகிரி வரை போகும் ஊர்களுக்கு வி.ஜி. 30 என்பது இந்தியத் தர நிர்ணயக் கணக்கு. திண்டுக்கல் சமவெளி அதில் அடக்கம். அந்த ரகம் இளக ஆரம்பிக்கும் அளவு 47 டிகிரிக்குக் கீழே இருக்கக் கூடாது என்பது விதி. ஆனால், சித்திரை வெயிலில் கறுப்புத் தரையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டிவிடும். கார் டயர் தன் எடையை அகலமாகப் பரப்பிக்கொள்வதால் ஜல்லிப் பூட்டு தாங்கிவிடுகிறது. ஸ்கூட்டர் ஸ்டாண்டோ ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில் மொத்தப் பாரத்தையும் இறக்குகிறது. நன்றாகப் போட்ட தளத்திலேயே வெயில் நேரத்தில் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு வைப்பது நல்லது. என்னுடையது போன்ற தளத்தில் பலகையும் சேர்ந்து இறங்கும்!

“யூடியூப்ல அமெரிக்காக்காரன் வீட்டு வாசலுக்கெல்லாம் தார்தானே போடுறான்?” என்றார் மச்சான். போடுகிறான். அங்கே ரோடுகளில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் தார்தான். வட மாநிலங்களில் பனி உறைந்து, இளகி, மறுபடி உறையும்போது தரை ஏறி இறங்கும். சிமென்ட் தளம் விரிசல் விடும், தார் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். பனியைக் கரைக்க உப்பைக் கொட்டுவார்கள், அது சிமென்ட்டைத் தின்னும். கறுப்பு நிறம் வெயிலை உறிஞ்சி, பனியைச் சீக்கிரம் உருக்கும். அவர்களுக்கு வரமாக இருக்கிற அந்தக் கறுப்பு நமக்குத் தண்டனை. வெயில் கொளுத்தும் லாஸ் ஏஞ்சலிஸில் 2017ல் சில தெருக்களின் தார் மேல் வெளிர் சாம்பல் நிறப் பூச்சு அடித்துப் பார்த்தார்கள், சூடு குறையட்டும் என்று. அமெரிக்காவிலேயே ஊருக்கு ஊர் கதை வேறு.

சரி, அப்படியானால் மஹாலுக்கு மட்டும் ஏன்?

காரணம் அளவு. 100 சதுர அடிக்கு 2 இன்ச் கனத்தில் இறுகிய தளம் வேண்டுமென்றால் சுமார் 1.1 டன் கலவை பிடிக்கும். என் 300 சதுர அடிக்கு மூன்று டன் சொச்சம். கலவை பிளான்ட்டிலிருந்து கிளம்பும்போது 150 டிகிரிக்கு மேல் கொதித்துக்கொண்டிருக்கும். வி.ஜி. 30 என்றால் பரப்பும்போது குறைந்தது 140 டிகிரி, ரோலர் ஓடி முடிக்கும்போது 90 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது இந்தியச் சாலைக் காங்கிரஸின் கணக்கு. மூன்று டன் சின்னக் குவியல். சீக்கிரம் ஆறிவிடும். அதற்காக ஒரு பேவர் மெஷினும் பெரிய ரோலரும் எவரும் வாடகைக்கு எடுக்க மாட்டார். எடுத்தாலும் அந்த வாடகையிலேயே வாசலுக்குக் கல் பதித்துவிடலாம். அதனால்தான் வீட்டு வாசல் என்றால் ‘மிச்சக் கலவை’ ஆட்கள் மட்டுமே வருகிறார்கள்.

மச்சானுடைய இடம் 20 சென்ட். அதில் வண்டி ஓடுகிற, நிற்கிற இடம் மட்டும் 5,000 சதுர அடி. 55 டன். இத்தனை லோடு என்றால் மெஷின் வரும், ரோலர் வரும், ஒரே நாளில் முடியும். சிமென்ட் தளம் போட்டால் குறைந்தது ஒரு வாரம் தண்ணீர் கட்ட வேண்டும், முழுப் பலம் வர 28 நாள். கோடையில் குடிக்கவே லாரித் தண்ணீர் வாங்குகிற ஊரில் 5,000 சதுர அடிக்குத் தண்ணீர் கட்டுவது சின்னக் காரியமா? தார் என்றால் நன்றாக ஆறிய பிறகு, ஓரிரு நாளில் கார் விடலாம். நாளுக்கு ஒரு முகூர்த்தம் என்று பிழைப்பவருக்கு அதுவே பாதிப் பணம்.

“மொத்தத்துக்கும்” என்று மச்சான் சொன்னதைத்தான் நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் இடத்தைச் சுற்றி நடந்தோம்.

முதலில் பின்பக்கம். அங்கேதான் சமையல். எங்கள் ஊரில் விசேஷமென்றால் பிரியாணி இல்லாமல் முடியுமா? விறகடுப்பு, அண்டா, தம் போடும்போது மூடி மேல் தணல். அந்தச் சூட்டைத் தார் தாங்காது, தீக்கும் ஆகாது. அந்த இடத்துக்குச் சிமென்ட்தான். எண்ணெய் கொட்டினாலும் கழுவிக்கொள்ளலாம். தார் மேல் எண்ணெய் சொட்டினால் பசை கரையும், டீசலும் அப்படித்தான். பெட்ரோலியத்தைப் பெட்ரோலியம் கரைக்கத்தானே செய்யும்? ஆயில் ஒழுகும் பழைய வேன்களும், ஒரே இடத்தில் ராத்திரி முழுக்க நிற்கும் பஸ்ஸும் ஒதுங்க ஒரு மூலையில் சிமென்ட் பட்டை என்று முடிவானது.

அப்புறம் முகப்பு. “பந்தக்காலை எங்க நடுவீங்க?” என்று கேட்டேன். மச்சான் நின்றுவிட்டார். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் வரவேற்பு வளைவு, வாழை மரம், சீரியல் லைட் கம்பம் என்று தரையில் குழி தோண்டுவார்கள். கடப்பாரை விழுந்த தாரில் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போய், அடித்தளத்தை ஊறவைத்து, ஆறு மாதத்தில் பள்ளமாகும். அதனால் தளம் போடும் முன்பே, வேண்டிய இடங்களில் இரும்புக் குழாயைச் சிமென்ட்டில் பதித்து மூடி போட்டுவிட்டார். கம்பத்தைக் குழாய்க்குள் சொருகினால் போதும். கரண்டு வயருக்கும் தண்ணீர் லைனுக்கும் குறுக்கே குழாய் புதைத்தார். மஹால், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று எங்கே பார்க்கிங் போட்டாலும் இந்த வேலைதான் முதலில். போட்ட மறுவாரம் தோண்டுவது நமக்கு ஒரு வியாதி.

மழைத் தண்ணீரில் பெரிய வாக்குவாதம். 20 சென்ட்டில் ஓர் இன்ச் மழை பெய்தால் இருபதாயிரம் லிட்டர் தண்ணீர். இரண்டு டேங்கர் லாரி! மண் தரையாக இருக்கும்போது அதில் ஒரு பங்கு உள்ளே இறங்கும். தார் போட்டால் ஒரு சொட்டு இறங்காது, அத்தனையும் பக்கத்துத் தோட்டத்துக்கோ ரோட்டுக்கோ பாயும். 2003லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் நம்முடையது. கூரைத் தண்ணீருக்குத் தொட்டி கட்டிவிட்டு, தரைத் தண்ணீரை மறந்துவிடுகிறோம். 50 அடிக்கு ஓர் அடி சரிவு கொடுத்து, தண்ணீர் மேற்கு ஓரமாகப் போய், மண் படியும் சின்னத் தொட்டியைத் தாண்டி, ஜல்லியும் மணலும் நிரப்பிய உறிஞ்சு குழியில் இறங்கும்படி செய்தோம். வண்டி நிற்கிற இடத்துத் தண்ணீரில் எண்ணெய் இருக்கும் என்பதால் நேரே கிணற்றுக்கோ போருக்கோ விடக் கூடாது. சுற்றுச்சுவர் ஓரம் முழுக்க மண்ணாகவே விட்டு, புங்கனும் வேம்பும் வைத்தார். அது அக்கா யோசனை. நிழல் விழுகிற தாருக்கு ஆயுசும் கூடும்.

அடித்தளம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் பணம் போக வேண்டியது அங்கேதான். எங்கள் பக்கம் செம்மண் என்பதால் மேல் மண்ணை வழித்து, நனைத்து, ரோலர் ஓட்டி, அதன் மேல் ஜல்லியும் டஸ்ட்டும் கலந்து 8 இன்ச் இறுக்கினார்கள். உங்கள் இடம் கரிசல் என்றால் இந்தக் கணக்கு செல்லாது. அது மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும். இன்ஜினீயரைக் கூப்பிடாமல் கை வைக்காதீர்கள். ஓரத்துக்குக் கல் கட்டாயம். கல் இல்லாத ஓரம்தான் எங்கள் வாசலில் உதிர்ந்தது.

எப்போது போடுவது? தையும் மாசியும் முகூர்த்த மாதம், மஹாலை மூட முடியாது. மார்கழி காலி, ஆனால் வடகிழக்கு மழை வால் விட்டு நிற்கும். மிச்சம் ஆடி. கல்யாணம் இல்லை, பெரிய மழையும் எங்கள் பக்கம் இல்லை. ஒரே தொல்லை ஆடிக்காற்று. கலவை சீக்கிரம் ஆறும். அதனால் டிப்பரைத் தார்ப்பாய் போட்டு மூடித்தான் வர வேண்டும் என்று எழுதி வாங்கினார் மச்சான். கையில் ஒரு தெர்மாமீட்டர் வேறு. முதல் லோடு கொட்டியதும் குச்சியைச் சொருகிப் பார்த்தது, காய்ச்சல் பார்க்கிற மாதிரி. நாலாவது லோடு 120 காட்டியது. திருப்பி அனுப்பினார். கான்ட்ராக்டர் முகம் சுருங்கியது, ஆனால் அடுத்த வண்டி சூடாக வந்தது.

விலை பேசும்போது ‘சதுர அடிக்கு இவ்வளவு’ என்று மட்டும் பேசாதீர்கள். எத்தனை இன்ச், அது ரோலருக்கு முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள். இரண்டரை இன்ச் கொட்டினால்தான் இறுகி 2 இன்ச் ஆகும். எடை மேடைச் சீட்டை ஒவ்வொரு லோடுக்கும் வாங்கி, 100 சதுர அடிக்கு 1.1 டன் கணக்கோடு ஒட்டிப் பாருங்கள். பிட்டுமின் விலையை எண்ணெய் நிறுவனங்கள் மாதம் இருமுறை மாற்றுவதால் மூன்று மாதம் முந்தைய கொட்டேஷனைக் காட்டிச் சண்டை போடுவதில் பயனில்லை.

மச்சானுக்கு இன்னொரு ஆசை, பிளாஸ்டிக் கலந்த தார். அது பக்கத்து மதுரையில் பிறந்த வித்தை. தியாகராஜர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர்.வாசுதேவன் கண்டுபிடித்தது. 2002ல் கல்லூரி வளாகத்திலேயே ரோடு போட்டுப் பார்த்தார், 2006ல் காப்புரிமை, 2018ல் பத்மஸ்ரீ. பொடியாக நறுக்கிய கேரி பேக்கைச் சூடான ஜல்லி மேல் தூவினால், இளகிக் கல்லைச் சுற்றி மெல்லிய தோலாக ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் பிட்டுமின் ஊற்றினால் பிடிப்பு அதிகம், தண்ணீர் கல்லுக்கும் பசைக்கும் நடுவில் புகுவது குறையும். 2013ல் சாலைக் காங்கிரஸ் இதற்கு வழிமுறை வெளியிட்டது. 2015ல் நகரங்களை ஒட்டிய சாலைகளுக்கு இதைப் பயன்படுத்தச் சொன்னது மத்திய அரசு. ஆனால், இது பிளான்ட்டில் சூட்டையும் அளவையும் பார்த்துச் செய்யும் வேலை. பி.வி.சி. கலக்கவே கூடாது, சூடு எகிறினால் விஷப்புகை. சைட்டில் டிரம்முக்குள் கவரை அள்ளிப் போட்டுவிட்டு ‘பிளாஸ்டிக் ரோடு’ என்பவரை கேட்டிலேயே அனுப்பிவிடுங்கள். முறையாகக் கலந்து தரும் பிளான்ட் அந்த நேரத்தில் மச்சானுக்கு அமையவில்லை. சாதாரணக் கலவையே போட்டார்.

கேட்டில் ஒரு கவனம். ரோடு மேல் ரோடு போட்டு, வீடெல்லாம் பள்ளத்துக்குப் போன கதை நம் எல்லோருக்கும் தெரியும். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். உங்கள் தெருவில் ரோடு போட வரும்போது அதைச் சொல்லிக் கேளுங்கள். மச்சான் கேட் ஓரத்தில் குறுக்கே கம்பிமூடிக் கால்வாய் வைத்துவிட்டார்.

அடுத்த ஐப்பசி மழையில் ஒரு வண்டியும் மாட்டவில்லை. கேட்டிலிருந்து பத்தடியில் ஒரு தாம்பாளம் அகலத்துக்குத் தண்ணீர் தேங்கியது. அங்கே சரிவு பிசகிவிட்டது. மச்சானுக்கு அது கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கிறது. மேலே கொஞ்சம் தார் ஊற்றி ஒட்டுப்போட வந்தவரிடம், சதுரமாக வெட்டி எடுத்துவிட்டுப் போடுவதானால் போடு என்று சொல்லிவிட்டார். அட்வான்ஸைத் திருப்பி வாங்கிய இரண்டு வீட்டாரில் ஒருவர் இப்போது இளைய மகளுக்குத் தேதி கேட்டு வந்திருக்கிறார்.

என் வாசலுக்கு 60 மில்லிமீட்டர் பேவர் பிளாக், சாம்பல் நிறம், மணல் படுக்கை மேல். குடிதண்ணீர்க் குழாய் உடைந்தபோது பத்துக் கல்லைப் பெயர்த்து, வேலை முடிந்ததும் அதே கல்லைத் திருப்பி வைத்தோம். ஓரத்தில் இரண்டடி மண் விட்டு, அதில் புதுத் துளசி மாடம். அம்மாவுக்கு முதலில் மனசில்லை. “கறுப்புல எடுப்பா இருந்துச்சுடா, இதுல கோலமே தெரியல” என்று ஒரு வாரம் புலம்பினார். இப்போது கல்லுக்கு ஒரு புள்ளி என்று எண்ணி வைக்கிறார். வரிசை பிசகுவதே இல்லையாம்.